கடைசி டக்கு

ஏழாம் வகுப்பு மதிவதனியின் ஸ்கூல் ஷூவுக்கு ஒரு வாரமாகக் கோபம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலப் பாவாடையிடம் பொரிந்து தள்ளியது.

“ஜூன்ல வாங்கினப்போ முன்னாடி ஒரு விரல் அளவுக்கு இடம் இருந்துச்சு. இப்போ குதிகாலைத் திணிக்கிறா. நான் கடிக்கிறேன்னு அம்மாகிட்ட புகார் வேற. வேணும்னேதான் வளர்றா.”

“அவளா வளர்றா?” என்றது பாவாடை. “மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்காம். அது ரத்தத்துல ஹார்மோனை அனுப்பி, வளருன்னு சொல்லுமாம். அவ சத்தம் போட்டுப் படிச்சப்போ கேட்டேன். காரணமே இல்லாம அழறா, கதவை அறையறா. அதுக்கும் ஹார்மோன்தானாம். பாதம்தான் முதல்ல நீளுமாம், பாவம்.”

“நீ பேசுவ. உனக்குக் கீழே மூணு டக்கு பிடிச்சுத் தைச்சிருக்காங்க. அவ வளர வளரப் பிரிச்சுவிட்டா நீயும் நீளுவ. எனக்கு ஏது டக்கு?”

பாவாடை தன் கீழ் விளிம்பைப் பார்த்துக்கொண்டது. அன்று காலைதான் அம்மா கடைசி டக்கையும் பிரித்திருந்தாள். வெளுத்த நீலத்துக்குக் கீழே, வெயிலே படாத ஒரு பட்டை மட்டும் புதுசாக மின்னியது.

சனிக்கிழமை புது ஷூ வந்தது. பழைய ஷூ கட்டிலுக்கடியில் போனது. திங்கட்கிழமை காலை மதிவதனி புதுசை எடுக்க வந்தபோது, பழையது அதை அவசரமாகக் கூப்பிட்டது.

“இந்தா, கேளு. வலது குதிகால்ல புண்ணு இன்னும் ஆறல. ரெண்டு நாளைக்கு அந்த இடத்துல படாமப் பார்த்துக்க.”