கட்டிலுக்கு அடியில் ஒரு நிமிடம்

நேப்பிள்ஸில், கார்மேலா என்பவளின் வீட்டில், அவள் கட்டிலுக்கு அடியிலிருக்கும் பலகைக் கதவுதான் ரோமானியர் கால நிலவறைக்கு ஒரே வழி. டிவி படத்துக்காகக் கட்டிலை நகர்த்தி இறங்கி, பலகையை மூடிக்கொண்ட இருவர் ஈரக்கல்லில் ஒண்டி நிற்கிறார்கள். "இந்த எடத்தோட அமைதிய ஒரு நிமிஷம் பதியணும். வாயத் தொறக்காத," என்கிறாள் ஒலிப்பதிவாளர் ஓர்னெல்லா. "வாய மூடலாம், பாஸ்தா தின்ன வயித்த என்ன பண்றது?" என்கிறான் கேமராக்காரன் ஜென்னாரோ. விளக்கு மஞ்சளாக நடுங்குகிறது. எங்கோ ஒரு சொட்டு விழுகிறது. ஓர்னெல்லாவின் ஹெட்ஃபோனில், மேலிருந்து கார்மேலாவின் குரல் மெல்லக் கேட்கிறது: "சத்தமே காணோம். சொல்லாமக்கூடப் போயிட்டாங்க பாரு." கட்டில் கால்கள் தரையைக் கீறிக்கொண்டு பலகைமேல் வந்து நிற்கின்றன. ஓர்னெல்லா பதறி வாயைத் திறக்கிறாள். மேலே பேசியது கேட்காத ஜென்னாரோ கண்ணடித்து, இன்னும் இருபது நொடி என்று விரல்களில் காட்டி, அவள் வாயைப் பொத்துகிறான். அந்தக் கையைத் தட்டிவிட்டு அவள் கத்துவதற்குள், மேலே தெருக்கதவில் சாவி இரண்டு முறை சுழல்கிறது.