மாலை போட ஒரு படம்

"இந்த முகத்தை மட்டும் பெருசு பண்ணிக் குடுங்க. ஊட்டுல மாட்டி மாலை போடோணும்."

சுப்பாத்தாள் நீட்டிய செய்தித்தாள் துண்டை வாங்கி, நல்லேப்பிள்ளிக் கடைவீதி போட்டோ ஸ்டுடியோக்காரர் ஆறுச்சாமி லென்ஸ் வைத்துக் குனிந்தார். மூணாறுப் பக்கம் ஏதோ எஸ்டேட் விழா. கூட்டத்தில் ஒருவர் முகத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

"உங்க ஊட்டுக்காரருங்களா?"

"ஆமாங்க. அங்கதான் வேலை. வருஷத்துக்கு ஒருக்கா ஊர் நோம்பிக்கு வருவாரு."

"அம்மிணி, பேப்பர்ல அச்சடிச்ச படம் பூராவும் வெறும் கறுப்புப் புள்ளிங்க. எட்ட வெச்சுப் பார்த்தாத்தான் முகம். பெருசு பண்ணப் பண்ண முகம் போயிரும், புள்ளிதான் நிக்கும். ஊட்டுல வேற படம் இல்லீங்களா?"

"கல்யாணப் படம் இருக்குதுங்க. அது வேண்டாம். இதுதான் வேணும்."

ஆறுச்சாமி தலை நிமிராமலே கேட்டார். "படத்துக்குக் கீழ எழுதோணுமே. மறைவு எந்தத் தேதிங்க?"

"அந்தப் பேப்பர் வந்த தேதியே போட்டுருங்க."

"அடடா, அன்னிக்கேவா போயிட்டாரு?"

கேட்டபடி ஆறுச்சாமி நிமிர்ந்தார். சுப்பாத்தாளின் நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் கலையாமல் இருந்தது.

"உசுரோடதான் இருக்காருங்க. பக்கத்துல கைக்கொழந்தையோட நிக்கறாளே, அவதான் அவரு சம்சாரம்னு பேப்பர்ல போட்டிருக்குது."

ஆறுச்சாமி லென்ஸைக் கீழே வைத்தார்.

"எட்ட இருந்தவரைக்கும் எனக்கும் முகமாத்தானுங்க தெரிஞ்சுது" என்றாள் சுப்பாத்தாள். "நீங்க பெருசு பண்ணுங்க."