பாஸ்வேர்டைச் சொல்லு

"பாஸ்வேர்டைச் சொல்லு காமராஜு. சொல்லாம இங்கன இருந்து நகர மாட்டேன்."

மகாலட்சுமி கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காமராஜின் பிரவுசிங் சென்டரில்தான் ஊரிலேயே முதலில் வைஃபை வந்திருந்தது. அவள் கையில் கணவர் சீனிச்சாமியின் போன். ஏலக்காய் விலை பார்க்கணும் என்று தேனியில் வாங்கி வந்தது. கூடவே, மகள் நதியாவின் தோழி சினேகா.

போனைப் பார்த்ததும் காமராஜின் முகம் மாறியது.

"இது அண்ணன் போனாச்சே மதினி. அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உரம் வாங்கக் கம்பம் போயிருக்காக. சார்ஜ்ல கிடந்ததை எடுத்துட்டு வந்தேன்."

"எதுக்கு வம்பு? கம்ப்யூட்டர் சும்மாதான கிடக்கு. அதுல பாருங்களேன்."

"அம்புட்டுப் பெரிய திரையில பார்த்தா, போறவன் வாரவனெல்லாம் எட்டிப் பார்ப்பான். எம் பேரனை நான் கையில வச்சுப் பார்க்கணும்."

நதியா குமுளிக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு மஸ்கட் போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றே சீனிச்சாமி வீட்டில் இருந்த அவள் படங்களையெல்லாம் கழற்றிவிட்டார். 'அவ பேரை எடுத்தா எனக்கு இந்த வீட்டுல சோறு தண்ணி வேணாம்' என்றார். அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. போன மாதம் நதியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சினேகாவுக்கு மெயிலில் போட்டோ அனுப்பியிருந்தாள்.

"அண்ணன் கேட்டா நான் என்ன சொல்றது மதினி?"

"நான்தான் பார்த்தேன்னு சொல்லு. பெத்த மக பேரை ரெண்டு வருஷமா வாயில எடுக்காம இருந்துட்டேன். பேரன் முகத்தையும் பார்க்கக் கூடாதுன்னா அந்த வீடே எனக்கு வேணாம். இன்னைக்கு அவுக வந்ததும் போனை மூஞ்சிக்கு நேரா நீட்டி, இந்தா பாருங்க உங்க பேரன்னு காட்டத்தான் போறேன். ஆனது ஆகட்டும்."

"என்னைய இதுல இழுக்காதீக மதினி."

அதற்குள் சினேகா போனை வாங்கி வைஃபையைத் திறந்திருந்தாள். அவள் புருவம் சுருங்கியது.

"அத்தை, பாஸ்வேர்டே கேட்கலை. தானா கனெக்ட் ஆயிருச்சு."

"அதெப்படி?"

காமராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒருதடவை போட்டுக் கொடுத்தா போன் மறக்காது மதினி. அண்ணன் தெனமும் சாயங்காலம் இங்கன உட்கார்ந்து, நதியா அனுப்புற பேரன் போட்டோவைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு வாராக. வீட்டுல மட்டும் சொல்லிராதடான்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காக."