பதிமூன்றாவது பெயர்

இது நான் நேரில் பார்த்தது இல்லை. எங்கள் ஊர் நகராட்சி மைதானத்து வாட்ச்மேன் சொன்னது. அவர் ஒன்றை ஒன்றரையாக்கிச் சொல்லக்கூடியவர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நகராட்சி அலுவலகத்தில் ஆய்வாளர் அம்மா ஒருவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் ஒரு பொய்க் கையெழுத்துகூட அவரைத் தாண்டிப் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று அவர் மேசைக்கு வந்தது ஒரு வாலிபால் அணியின் வருகைப் பதிவேடு. படிப்பைப் பாதியில் விட்ட பெண்பிள்ளைகளுக்கான அணி. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் நகராட்சி மைதானம் அவர்களுக்கு. பட்டியலில் ஒரு பொய்ப் பெயர் இருந்தாலும் அனுமதி ரத்து என்பது நிபந்தனை.

உதவியாளர் இரண்டு முறை சொல்லாமல் போய்த் தலை எண்ணிவிட்டு வந்திருந்தார். இரண்டு முறையும் களத்தில் பன்னிரண்டு பேர். பதிவேட்டிலோ பதிமூன்று.

"ஆளே இல்லாம வருகை போடுறாங்களா? நானே போறேன்" என்று கிளம்பினார் ஆய்வாளர்.

ஐந்து மணிக்கு மைதானத்தில் ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கோச், பஸ் ஓட்டும் பெண். வேலை முடிந்து உடுப்புகூட மாற்றாமல் வந்திருந்தார். ஆய்வாளர் வாசலில் நின்றே இரண்டு தடவை எண்ணினார். பன்னிரண்டுதான்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு மேடம்."

"அப்போ பதிமூணாவது பொண்ணு எங்கே?"

கோச் கழுத்து விசிலைத் திருகினார். ஆட்டம் நின்றுவிட்டது. பந்து உருண்டு வந்து ஆய்வாளரின் காலடியில் நின்றது. யாரும் எடுக்க வரவில்லை.

வலையோரம் நின்ற நெட்டைப் பெண்தான் வாயைத் திறந்தாள்.

"தூங்குறா மேடம்."

"தூங்குறாளா? பயிற்சி நேரத்துலயா?"

"இப்பதான் கண்ணசந்தா. எழுப்பினா அழுவா."

"அழுதா அழட்டும். கூப்பிடு அவளை."

"கூப்பிட்டா வரமாட்டா மேடம். தூக்கிட்டுத்தான் வரணும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆய்வாளருக்குச் சுர்ரென்று ஏறியது. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, எந்த மகாராணி அவள், நானே பார்க்கிறேன் என்று சாமான் அறைக்குள் நுழைந்தார்.

பந்துகளெல்லாம் தரையில் கிடந்தன. பந்து வைக்கிற பெரிய கூடையில் துண்டுகளை மடித்துப் போட்டிருந்தார்கள். அதற்குள், பதிமூன்று என்று எண் போட்ட ஜெர்சி பாதம்வரை மூடியிருக்க, வாயில் விரலோடு தூங்கிக்கொண்டிருந்தது ஒன்றரை வயதுப் பெண் குழந்தை.

நெட்டைப் பெண்ணின் தங்கை. அம்மாவுக்குத் தையல் ஃபேக்டரியில் சாயங்கால ஷிப்ட். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. அடையாள அட்டை இல்லாத யாரையும் மைதானத்துக்குள் விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்குக் கண்டிப்பான உத்தரவு. அதனால் கோச் பிள்ளையின் பெயரையும் அணியில் சேர்த்து ஓர் அட்டை வாங்கிவிட்டார். பிள்ளை விழித்திருந்தால், சர்வீஸைத் தப்பாக அடித்தவள் வெளியே போய்த் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அது அணிக்குள் போட்டுக்கொண்ட சட்டம்.

"சில பேரு வேணும்னே தப்பா அடிக்கிறாங்க மேடம், அவளைத் தூக்கலாம்னு" என்று ஒருத்தி புகார் சொன்னாள்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை.

கோச் தணிந்த குரலில், "விதியில பதினெட்டு வயசுக்குள்ளன்னுதான் இருக்கு மேடம். எத்தனை வயசுக்கு மேலன்னு இல்ல" என்றார். பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை போல. "தப்புன்னா என் மேல எழுதுங்க. மைதானத்தை மட்டும் எடுத்துடாதீங்க."

நெட்டைப் பெண் கூடைக்கும் ஆய்வாளருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"பாப்பா பேரை அடிச்சுடுங்க மேடம். என் பேரையும் சேர்த்து அடிச்சுடுங்க. நாளையிலருந்து நாங்க வரல. மத்தவங்க ஆடட்டும்."

ஆய்வாளர் விதிப் புத்தகத்தை எடுத்து, வயது பற்றிய வரியில் விரல் வைத்து இரண்டு முறை படித்தார். நின்றபடியே எதையோ எழுதினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினார். சாமான் அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார் என்றும் வாட்ச்மேன் சொன்னார். அது அவர் சேர்த்ததாக இருக்கலாம்.

மைதானம் இன்றும் அந்த அணியிடம்தான் இருக்கிறது. ஆனாலும் சரிபார்க்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. நகராட்சிக்கு மனுப் போட்டு, அன்றைய ஆய்வுக் குறிப்பின் நகலை வாங்கினேன். ஆய்வாளரின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது:

'பட்டியலில் உள்ள பதிமூன்று வீராங்கனைகளையும் நேரில் கண்டேன். ஒருவர் மட்டும் ஓய்வில் இருந்தார்.'