நாற்பத்தொரு மணி நேரம்

மேலாளர் கண்ணாடிக் கதவைப் பார்த்து டையைச் சரிசெய்தபடி, சனிக்கிழமை காலை வெளிநாட்டில் வாங்கப்போகும் விருதுக்கு நன்றியுரை ஒத்திகை பார்க்கிறார். அவருக்கு டிக்கெட் போடுகிற அலுவலகப் பெண்ணின் திரையில் இரண்டு வரிகள் ஒளிர்கின்றன: நேர் விமானம் என்றால் பதினாறு மணி நேரம்; மூன்று இடம் மாறிப் போனால் நாற்பத்தொன்று. போன மாதம் அவள் அப்பா இறந்தபோது, "அவ்வளவு தூரம் நீ போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்மா" என்று லீவு கொடுக்காதவர் இவர்தான். அவள் விரல் இரண்டாவது வரியைத் தட்டுகிறது. போய் இறங்குவது சனிக்கிழமை சாயங்காலம். டிக்கெட்டுக்கான ஒப்புதல் தாளை அவர்முன் நீட்டுகிறாள். "நேரமெல்லாம் ஒரு தடவை பார்த்துடுங்க சார்." "இதையும் நானே பார்க்கணும்னா நீ எதுக்கும்மா?" படிக்காமலே கையெழுத்திட்டு, அடியில் கம்பீரமாக இரண்டு கோடு இழுக்கிறார். மை கலையாமலிருக்க, அவள் வெகு மரியாதையாக ஊதுகிறாள்.