தலைமாட்டு விளக்கு

அந்த அடுக்ககத்தில் மானிய வீட்டுக்காரர்களுக்குத் தலைக்கு இவ்வளவு இடம் என்று கணக்கு. குடும்பத்தில் ஒரு தலை குறைந்தால் போதும், நடுச்சுவர் கடை ஷட்டர் மாதிரி மேலே ஏறி, நாலடி உள்ளே தள்ளி இறங்கிவிடும். மிஞ்சிய இடம் சந்தை விலை கொடுத்து வாங்கிய பக்கத்து வீட்டுக்குச் சேரும்.

செங்கமலத்தின் புருஷன் வேலாயுதம் போய்ச் சேர்ந்தபோது முதலில் ஓடி வந்தவள் பக்கத்து வீட்டு வத்சலாதான். ஐஸ் பெட்டிக்குச் சொன்னாள், மாலை வாங்கினாள், கட்டிலோடு கிடந்த செங்கமலத்தின் மாமனாருக்குக் கஞ்சிகூடப் புகட்டினாள். இப்படியும் மனுஷர்களா என்று செங்கமலம் உருகிப்போனாள்.

பிணம் சுடுகாட்டுக்குப் புறப்பட்டதும் வீட்டைக் கழுவிவிட்டு, அவன் தலை இருந்த சுவரோரமாக விளக்கேற்றினாள்.

"சுவர் வருமே, தள்ளி வையேன்," என்றாள் மூத்த நாத்தனார்.

"தலைமாட்டு விளக்க நகத்தக் கூடாது அண்ணி. கருமாதி வரைக்கும் அணையவும் கூடாது. சாவு வீட்டுக்கு இன்னைக்கேவா வந்துடப் போவுது?"

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டது. விளக்கு சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று.

செங்கமலம் பதறிக் கதவைத் திறந்தால், எதிரே வத்சலா நின்றிருந்தாள். கையில் விளக்கு. திரியில் புகை மட்டும் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கோம், சாவு விளக்கு எங்க ஹால்ல எரியலாமா? அதான் ஊதிட்டேன்."

செங்கமலம் விளக்கை வாங்கிக்கொண்டாள். வத்சலா அவள் தோளுக்கு மேலே எட்டி, கட்டிலைப் பார்த்தாள்.

"மாமாவுக்குக் கஞ்சி இன்னும் உள்ள இறங்குதா?"