தண்ணீரைப் படிக்கிறவர்

"சத்தமாச் சொல்லு வெண்டல், காதுல விழல" என்றாள் மர்னா.

விழாமல் என்ன. பக்கத்துப் படகில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் திரும்பிப் பார்க்கிற காது அது.

வெண்டல் தரைப் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, குப்புறப் படுத்து, தலையையும் கையையும் குழிக்குள் விட்டுத் தண்ணீர் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயதில் இப்படிக் கிடக்கும்போதுதான் அவளுக்கு விசாரணை நடத்தத் தோன்றுகிறது. எழுந்து போகலாம் என்றால், பத்து மீட்டர் பாய்மரப் படகில் எங்கே போவது.

வடக்கே நோவா ஸ்கோஷியாவில் பனி கொட்டுமுன் தெற்கே கிளம்பி வந்து, ஏப்ரலில் திரும்புகிறவர்கள் அவர்கள். பதினோரு குளிர்காலமாக இதே பஹாமாஸ் துறை. இங்கே வெண்டலைத் தெரியாத படகு இல்லை.

ஏனென்றால் இந்தக் கடலை வரைபடத்தை நம்பி ஓட்ட முடியாது. நிறம் பார்த்து ஓட்ட வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் மணல். கறுப்பாகத் தெரிந்தால் புல்லாகவும் இருக்கலாம், பவளப்பாறையாகவும் இருக்கலாம். புல்லின் மேல் தாராளமாகப் போகலாம். பாறையின் மேல் போனால் படகின் அடி கிழிந்துவிடும். எது எது என்று தூரத்திலேயே பிரித்துச் சொல்கிறவர் என்று வெண்டலுக்குப் பெயர்.

நாளைக் காலை பக்கத்துத் தீவான லாங் ஐலண்டுக்குக் கிளம்பும் ஐந்து படகுகள் அவர் பின்னால் வரிசையாக வருவதாக ஏற்பாடு. அதில் ஒன்றில் இரண்டு சின்னப் பெண்கள் இருந்தார்கள்.

இன்றைக்கு மர்னாவுக்கு என்ன வந்தது என்றே அவருக்குப் புரியவில்லை. துவைத்த துணியை மடியில் குவித்துக்கொண்டு, மேசையோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் பேசிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வருடமாக முனகியே சண்டை போட்டவள். பாதிப் பேச்சை வாயில் பேசி மீதியைப் பாத்திரத்தில் காட்டுகிறவள்.

அக்டோபரில் கண் டாக்டர் சொன்னதை முதலிலிருந்து ஒப்பித்தாள். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. ஓரத்தில்தான் தெரியும், நேரே பார்த்தால் தெரியாது. கார்கூட ஓட்டக் கூடாது.

அப்போது டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது யாராம். அவர் வியாதியை அவருக்கே சொல்லிக் கொடுத்தால் எரிச்சல் வராதா.

அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று. அவளும் பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டார். பன்னிரண்டை நீட்டினாள்.

போன வாரம் நம் படகின் அடி பாறையில் உரசியதே, வரைபடம் தப்பு என்று எல்லாரிடமும் சொன்னாயே, உண்மையில் வரைபடமா தப்பு என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கமும் அவளுக்குப் புதுசு.

வெண்டல் மீண்டும் நட்டைத் திருகினார். துறை அமைதியாகக் கிடந்தது. தினம் எட்டு மணிக்கு எல்லாப் படகுக்காரர்களும் ரேடியோவில் கூடுவார்கள். யார் வந்தார்கள், யார் கிளம்புகிறார்கள், யாரிடம் வெங்காயம் மிச்சம் இருக்கிறது என்று பேசி முடித்த பிறகும் யாரும் ரேடியோவை அணைப்பதில்லை. நாளெல்லாம் தொணதொணக்கும். இன்றைக்கு அதுவாவது வாயை மூடிக்கொண்டிருந்ததே என்று நினைத்தார்.

மர்னா கேள்வியைத் திரும்பவும் கேட்டாள். அவர் எதையோ முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றாள்.

ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது. அதோடு பொறுமையும் போயிற்று. குழியிலிருந்து தலையை எடுத்துக் கத்தினார்.

"ஆமா, தெரியல. புல்லு எது, பாறை எதுன்னு எனக்குத் தெரியல. மேகத்தோட நிழலே பாறை மாதிரிதான் தெரியுது. நாளைக்குக் குத்துமதிப்பாத்தான் போகப் போறேன். போதுமா?"

போதும் என்றாள் மர்னா. அவள் கண் கலங்கியிருந்தது. ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும் என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பக்கத்துப் படகு டெல்பர்ட் ரப்பர் படகில் வந்து சேர்ந்தார். நாளை வெண்டலுக்கு அடுத்தபடியாக வர இருந்தவர். அந்தப் பெண்கள் அவருடைய பேத்திகள்.

அவர் வெண்டலின் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க ரேடியோ மைக்கு அமுங்கியே இருக்கு போல, மர்னா. கொஞ்சம் பாருங்க" என்றார்.

பிறகு, நாளைக்குக் காற்று சரியாக வராது என்று எல்லாரும் நினைப்பதாகவும், பயணத்தைத் தள்ளிப் போடலாம் என்றும் சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார். காற்று அருமையாகத்தான் இருந்தது.

வெண்டல் தரையிலிருந்து எழுந்து நின்றார். துறையில் இருநூறு படகு. ஒவ்வொன்றிலும் ரேடியோ. மைக் அமுங்கியிருந்தால் இங்கே பேசியது அத்தனையிலும் கேட்டிருக்கும். பதினோரு வருடப் பெயர் ஐந்தே நிமிடத்தில் தண்ணீரில் கரைந்துவிட்டது.

மர்னாவின் மடியிலிருந்த துணிகளைப் பிடித்து இழுத்தார். கீழே சுருள் வயரோடு மைக் இருந்தது. பேசும் பொத்தானை அமுக்கியபடி, மர்னாவின் தலைமுடி ரப்பர் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது.

"சத்தியம் பண்ணியிருந்தியே" என்றார்.

மர்னா ரப்பரை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினாள்.

"பண்ணினேன். மீறலையே. நான் உன்கிட்ட மட்டும்தான் பேசினேன்."